குப்பைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மேடவாக்கத்தில் கிளம்பினோம். நாங்கள் என்றால் நான், என் கணவர் சேகர், பத்து வயது மகள் கயல். வண்டி, ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பழைய வேன். மஞ்சளின் மேல் நீலம் அடித்திருந்தாலும் கதவோரங்களில் மஞ்சள் இன்னும் எட்டிப் பார்க்கிறது. உள்ளே சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர் கேன், ஆளுக்கு நான்கு செட் துணி வைத்திருந்தோம். இனி இதுதான் வீடு. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைதான் முடிவாகும்.

அந்த முடிவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் ஒரு பள்ளியில் புவியியல் நடத்தினேன். உலகத்து ஆறு, மலை எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைவேன். நேரில் பார்த்தது கொடைக்கானல் ஒன்றுதான், அதுவும் கல்யாணமான புதிதில். ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வேலையை விட்டேன். சேகர் கட்டட வரைபடம் போடுகிறவர். மடிக்கணினியும் சிக்னலும் இருந்தால் அவருக்கு எந்த ஊரும் ஆபீஸ்தான். ஒரு வருடம் வேனிலேயே கடலோரமாக ஊர் ஊராகத் தங்கி, கயலுக்கும் நாங்களே பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்து பார்ப்போம் என்பது என் யோசனை. என் யோசனை மட்டும்தான்.

மேடவாக்கம் வீட்டுக்காரர் ஞாயிறு மாலைவரை அவகாசம் கொடுத்திருந்தார். "இருக்கீங்களா, காலி பண்றீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். ஜூனுக்கு ஆள் ரெடியா நிக்குது" என்றார். எனவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கடலூரிலிருந்து சிதம்பரம்வரை நான்கு நாள் வெள்ளோட்டம். சிதம்பரத்தில் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். மூன்று கையும் தூக்கினால் வேன். ஒரு கை குறைந்தாலும் பழையபடி மேடவாக்கம்.

சேகர் எப்படியும் தூக்கிவிடுவார், என் வாய்க்குப் பயந்தாவது. கயல்தான் பிடி கொடுக்கவே இல்லை. கேட்டபோதெல்லாம் "சிதம்பரத்துல சொல்றேன்" என்றாள்.

புதுச்சேரி நெரிசலைத் தாண்டிக் கடலூருக்குள் நுழைந்தபோது மணி பத்தே கால். மேடவாக்கத்திலிருந்து வண்டி மீட்டரில் 178 கிலோமீட்டர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் தம்பி இளங்கோ குறிஞ்சிப்பாடியிலிருந்து பைக்கில் வந்து காத்திருந்தான், பெட்ரோல் டேங்கின்மேல் ஒரு பலாப்பழத்தோடு. நான் பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி. அவன் வேனை மூன்று சுற்றுச் சுற்றி, டயர்களை உதைத்துப் பார்த்தான்.

"மாமா, அக்கா சொன்னா நீங்க கேக்கணுமா? ஊடு வாசல வுட்டுட்டு யாராச்சும் டப்பாவுல குடும்பம் நடத்துவாங்களா?"

"மச்சான், ஒங்க அக்கா சொல்லி நான் கேக்காம இருந்த கதை ஒண்ணு சொல்லு, வண்டியத் திருப்பிடுறேன்" என்றார் சேகர்.

டீ பன்னிரண்டு ரூபாய். தம்பி கொடுக்கவிடவில்லை. சித்திரை வெயிலில் வேனின் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. அன்றிரவு தெரிந்தவருடைய கல்யாண மண்டப வளாகத்தில் நிறுத்தினோம். குழாய் இருந்தது, கழிவறை இருந்தது. "இதெல்லாம் கணக்குல வராதும்மா, இது ஈஸி" என்றாள் கயல்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. காலை எட்டரைக்குக் கடலூரை விட்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாக வந்து, இடப்பக்கம் திரும்பிப் பரங்கிப்பேட்டை, வெள்ளாற்றுப் பாலம், அப்புறம் கிள்ளை. வழியெல்லாம் முந்திரித் தோப்பும் சவுக்கும். பதினொன்றேகாலுக்கு, கிள்ளையைத் தாண்டி உப்பங்கழி ஓரமாக ஒரு பொட்டலைப் பார்த்ததும் "இங்கேதான்" என்று கத்திவிட்டேன். எதிரே பச்சைச் சுவராகச் சதுப்புக் காடு. நடுவில் அசையாத தண்ணீர். காற்று அள்ளிக்கொண்டு போனது.

எங்கள் வீட்டில் அமாவாசை தப்பாது. மாமனாருக்குப் படைத்து, காக்கைக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. படையல் சமைக்கச் சுத்தமான இடம் வேண்டும். அந்தப் பொட்டலின் நடுவே கரையை ஒட்டி நீளமாக ஒரு குப்பைக் கோடு ஓடியது. காய்ந்த வைக்கோல், சருகு, சிப்பி, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் மூடிகள். யாரோ விளக்குமாற்றால் கூட்டித் தள்ளி வைத்ததுபோல் இருந்தது. கோட்டுக்கு மேட்டுப் பக்கம் ஒரே முள்ளும் ஆட்டுப் புழுக்கையும். தண்ணீர்ப் பக்கமோ வழவழவென்று ஈரமணல், ஒரு தூசி இல்லை. "கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க, அங்கதான் சுத்தமா இருக்கு" என்று சேகரை ஓட்ட வைத்தேன்.

கழியில் இறங்குவதற்காக நான்கைந்து பெண்கள் வந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட ஓலைக்கூடை. கைகள் இரண்டுக்கும் வேலை இருப்பதால் கூடையை வாயில் கவ்விக்கொள்கிறார்கள். அவர்களில் மூத்தவர் கஸ்தூரி அக்கா. வேனையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சாய்ங்காலத்துக்குள்ள கெளம்பிடுவீங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பட்டணத்துக்காரர்கள் வந்து இடத்தை அசிங்கப்படுத்துவார்கள் என்று நினைக்கிறார்போலும். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினைந்து வருடம் கேள்வி கேட்டே பழகிய வாய்க்கு அது வரவில்லை. "கெளம்பிடுவோம்க்கா" என்று சும்மா சொல்லி வைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டார்.

வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, பருப்பு, பாயசம். ஒன்றரைக்கு இலை போட்டோம். அப்போது தண்ணீர் இன்னும் தூரமாகத் தள்ளிப் போயிருந்தது. "பாருங்க, கடல்கூட நமக்கு இடம் வுடுது" என்றேன். அந்த மமதைக்கு என்னை என்ன செய்தாலும் தகும். சாப்பிட்டு முடித்துக் கதவைத் திறந்து போட்டுப் படுத்தோம். காற்றும் பாயசமும் சேர்ந்து அடித்துப் போட்டது. கயல் மட்டும் வாசல் படிக்குக் கீழே சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கண் விழித்தபோது மணி ஐந்தே முக்கால். படிக்கட்டுக்குக் கீழே கழற்றிவிட்ட என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. வேனைச் சுற்றித் தண்ணீர். கயல் மேல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏழு சிப்பி வரிசையா வெச்சேன். ஏழாவதும் போயிடுச்சு."

"அடிப்பாவி, ஏண்டி எழுப்பல?"

அவள் முகம் மாறிவிட்டது. "நீதானம்மா போன வாரம் ஆரஞ்சும் எலுமிச்சம்பழமும் வெச்சுச் சொல்லிக் குடுத்த? சூரியனும் நிலாவும் சேந்து இழுக்கும், அமாவாசையில உயர் ஓதம், தண்ணி ஜாஸ்தியா ஏறும்னு. நான் பாக்கணும்னுதான் இங்க நிறுத்தியிருக்கேன்னு நெனச்சேன்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் கழி நடுவே உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருடம், வருடத்துக்கு ஐந்து பிரிவு, அமாவாசை ஓதத்துக்குப் படம் போட்டவள் நான். காலையில் எழுந்து இன்று அமாவாசை என்று தலைக்குக் குளித்தவளும் நான்தான். இரண்டும் ஒரே அமாவாசை என்று என் புத்திக்கு எட்டவில்லை.

சேகர் பாய்ந்து வண்டியைக் கிளப்பி மிதித்தார். பின்சக்கரம் சுழன்று சுழன்று குழி பறித்தது. சக்கரத்தின் பாதிவரை தண்ணீர். எங்கள் அடுப்பு, படுக்கை, அவருடைய மடிக்கணினி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எல்லாம் அந்த வேனுக்குள். கயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். அவளை அழுத்திப் பிடித்திருந்தேன். முள் குத்தியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் சத்தம் இறால் பிடிக்கிறவர்களின் குடியிருப்புவரை கேட்டிருக்க வேண்டும். கஸ்தூரி அக்கா முன்னால் ஓடி வந்தார், பின்னால் ஏழெட்டுப் பேர், தலையில் தென்னங்கீற்றுகளோடு.

"மொதல்ல அந்த ஆக்ஸிலேட்டர வுடு தம்பி! நீ மிதிக்க மிதிக்க அது பாதாளத்துக்குப் போவுது!"

சேகர் பள்ளிப் பையன்போல் காலை எடுத்தார். ஆண்கள் மண்ணைக் கையால் தோண்டி, சக்கரத்துக்குப் பின்னால் கீற்றை மடித்து மடித்துத் திணித்தார்கள். பின்பக்கம் கயிறு கட்டினார்கள். "வந்த வழியிலயே பின்னால எடுக்கணும். பாம்பு மாதிரி மெள்ள" என்றார் அக்கா. அவர் கையைத் தூக்கினால் இழுக்க வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். நான்கு தடவை இழுத்து நான்கு தடவை சறுக்கியது. ஐந்தாவது தடவை கீற்று முறியும் சத்தத்தோடு வேன் துள்ளி ஏறி, குப்பைக் கோட்டைத் தாண்டி, ஆட்டுப் புழுக்கையின்மேல் நின்றது. மணி ஆறு ஐம்பது.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதேன். பயத்துக்கு வரும் அழுகை இல்லை, அது தீர்ந்ததற்கு வரும் அழுகை. எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

"இந்தக் கோடு என்னான்னு நெனச்ச?" என்று கஸ்தூரி அக்கா குப்பையைக் காலால் தட்டினார். "போன தடவ தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு, அத்தத்தான் எழுதி வெச்சுட்டுப் போயிருக்குது. நாங்க ஒரு தென்னங்கன்னு வெக்கணும்னாலும் இத்தப் பாத்துட்டுத்தான் வெப்போம். படிச்ச புள்ள, இதுகூடத் தெரியாதா?"

"தெரியாதுக்கா" என்றேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை அங்கேயே இருந்தோம். கோட்டுக்கு மேட்டுப் பக்கம், முள்ளை வெட்டிவிட்டு. சேகருக்கு வேன் கூரைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைத்தது. குடை பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்தார். மதியம் தண்ணீர் வற்றியதும் கஸ்தூரி அக்கா கயலைக் கரையோரமாக, முழங்கால் ஆழத்தில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று இறால். ஒவ்வொன்றுக்கும் கழியே அதிரக் கத்தினாள். அக்காவிடம் அரைக் கிலோ நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிக் குழம்பு வைத்து, அவரையும் உட்கார வைத்துச் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். அது உண்மைதான். தம்பிக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. போனில் "இன்னாக்கா, கப்பல் வாங்கியிருக்கியாமே?" என்றான்.

ஆனால் அன்று முழுவதும் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் வண்டியைச் சூழும்போதும் என் மகள் பயப்படவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்று உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்டவள் எந்தத் தைரியத்தில் ஒரு குழந்தையை ஒரு வருடம் ரோட்டில் வைத்துக்கொள்வது? இரவு படுக்கும்போது முடிவு செய்துவிட்டேன். ஒரு கை குறைந்தால் மேடவாக்கம். அந்தக் கை என்னுடையதாகவே இருக்கட்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கஸ்தூரி அக்கா தென்னங்கீற்று இரண்டை வேன் கூரையில் கட்டிவிட்டார். "வெச்சுக்க, தேவைப்படும்" என்று சிரித்தார். சிதம்பரம் பதினான்கு கிலோமீட்டர். கீழச் சன்னதி பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லி கொத்சு, ஆளுக்கு நாற்பது ரூபாய். கத்தரிக்காய்க் கொத்சுக்காகச் சேகர் இரண்டாம் முறை இட்லி வாங்கினார். கோயிலுக்குள் தரிசனம் முடித்துச் சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். கயல் தண்ணீருக்கு எட்டுப் படி மேலே பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

"சரி, ஓட்டு" என்றார் சேகர். முதலில் அவருடைய கை போனது. அடுத்து, என்னால் நம்பவே முடியாதபடி, கயலின் கை.

என் கை மடியிலேயே கிடந்தது. இவ்வளவு தூரம் இழுத்து வந்தவள் நான்தான். பேச முயன்றேன். "கண்ணு, அன்னிக்கு அம்மாவுக்குத் தெரியலடா. இனிமேயும் நெறைய தெரியாது. ஒன்ன வெச்சுக்கிட்டு..."

கயல் தூக்கிய கையை இறக்கவில்லை. "உனக்குத் தெரியாதுன்னுதான் இப்ப எங்களுக்குத் தெரியுமேம்மா" என்றாள். "இனிமே நான் எழுப்பிடுவேன். கையத் தூக்கு."

தூக்கினேன். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. வெறும் மூன்று நாள் பாரமா, பதினைந்து வருடத்துப் பாரமா என்று எனக்கே விளங்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் மூன்று கைகளையும் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "காலி பண்றோம் சார்." "எங்க மேடம் போய் இருக்கப் போறீங்க?" என்றார். "தெரியல சார்" என்றேன். அந்தச் சொல் இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று நினைக்கவில்லை.

மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருந்தோம். மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். அமாவாசைக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்று அங்கே யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்குத் தெரியாது என்பது அங்கேயே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மாலை நான்கு மணிக்குச் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பும்போது முன்சீட்டில் கயல். "மேடம், இன்னிக்கு ராத்திரி எங்க நிறுத்தலாம்?" என்று சேகர் அவளைக் கேட்டார், என்னை அல்ல.

"மொதல்ல குப்பை எங்க கெடக்குதுன்னு பாக்கணும்ப்பா" என்றாள் அவள்.