நாங்கள் தப்பவிட்ட புலி

மதுரைப் பழைய புத்தகக் கடையில் சிறுவயதில் தாள்தாளாகப் படித்த அந்தப் படக்கதையைப் பிரித்ததும் மை வாசனை என்னைச் சிவகாசிக்கே இழுத்துப்போனது. அச்சகத்தில் வேலை பார்த்த அத்தா எங்கள் நோட்டுகளுக்கு அட்டை போடக் கொண்டுவரும் கழிவுத் தாள்களில், வேடர்கள் துரத்த ஓடும் புலிக்கு அச்சில் நிறம் விலகி இரண்டு மூக்கு இருக்கும், பாதிப் பக்கங்கள் தலைகீழாகக் கிடக்கும், நானும் தங்கையும் தரையில் விரித்துச் சுற்றிச்சுற்றி வந்து படிப்போம். கடைசிப் பக்கம் மட்டும் வரவேயில்லை.

"புலிக்கு என்னாச்சுக்கா?" என்று தங்கை அழுதாள். வெம்பக்கோட்டை அணையில் குதித்துத் தப்பிவிட்டது என்றேன்.

இன்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். புலி கூண்டுக்குள் இருந்தது. தங்கைக்குப் போன் போட்டேன்.

"கூண்டா? படம் போட்டவுகளுக்கு என்னக்கா தெரியும்! நம்ம புலி அணைக்கு அங்கிட்டு கரையேறி எம்புட்டு வருசமாச்சு!"

புத்தகத்தை வாங்கவில்லை. கூண்டு கடையிலேயே கிடக்கட்டும்.