ஸ்வர்ணலதா கண்டெடுத்த ஜெட்

ஸ்வர்ணலதா டீச்சருக்குத் திமிர் என்று ஆரணி கொசப்பாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. பெற்ற அப்பனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். வேளாவேளைக்குச் சோறு போடுகிறாளாம், மாத்திரை வாங்கி வருகிறாளாம், ஆனால் வாய் திறந்து "சாப்டியாப்பா" என்று ஒரு வார்த்தை கிடையாதாம். "அவ்ளோ படிக்க வெச்ச மனுசன, பாவம்" என்று அப்பா தனகோடிக்காக உச்சுக்கொட்டாத ஆள் இல்லை. கொட்டட்டும், கொட்டட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் இவர்களில் ஒருத்தராவது அவளிடம் போய், என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்களா? கேட்கமாட்டார்கள். கேட்டால் உச்சுக்கொட்ட முடியாதே.

போளூர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அவள் பௌதிகம் எடுக்கிறாள். ஜெட் என்ற சொல் பாடத்தில் வந்தால் பிள்ளைகள் விமானத்தை நினைத்துக்கொள்வார்கள். பின்பக்கமாகக் காற்றைப் பீய்ச்சினால் விமானம் முன்பக்கமாகப் போகும், அவ்வளவுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அதற்கு மேல் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தொண்ணூற்று மூன்றில் சென்னையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேரப் போனபோது பேராசிரியர் அன்புச்செல்வன் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "ஜெட்னா என்னம்மா?" அவள் விமானத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. "அது ஒண்ணு. இன்னும் ரெண்டு இருக்கு, உக்காரு" என்றார். நம் தலைக்கு மேலே பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், ஆடி ஆவணியில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, அது ஒரு ஜெட் என்றார். வான்வெளியிலிருந்து பாய்ந்து வரும் ஒரு துகள் ஓர் அணுவில் மோதினால் புதுத் துகள்கள் ஒரே திசையில் குவிந்து சிதறும், அதுவும் ஜெட் என்றார். மதியச் சாப்பாட்டை மறந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல ஆசிரியர்தான், அதை மறுக்கக் கூடாது. நல்லவராக இருந்ததால்தானே இவள் அவரை அப்படி நம்பினாள்.

முதல் வருடம் அவளுக்குக் காற்றுக் கணக்கு. ஐதராபாத்திலிருந்து பெரிய பலூனில் போட்டோ மருந்து பூசிய கண்ணாடித் தகடுகளைக் கட்டி மேலே அனுப்புவார்கள். போகிற வழியில் மேல்காற்று அதை எங்கே தள்ளிக்கொண்டு போகும் என்று முன்கூட்டியே கணித்தால்தான் தகடுகள் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் எந்தக் காட்டிலோ கரும்புத் தோட்டத்திலோ தேட வேண்டியதுதான். தகடுகள் வந்த பிறகு மைக்ராஸ்கோப் வேலை. துகள் போன தடமெல்லாம் அந்த மருந்தில் கறுப்புப் புள்ளிக் கோடாக விழுந்திருக்கும். லென்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இம்மி இம்மியாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தகட்டைப் பார்த்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். விடுதிக்கு வந்து படுத்தால் மூடிய கண்ணுக்குள்ளும் புள்ளி ஓடும்.

மூன்றாவது வருடம் ஒரு புதன்கிழமை அது கிடைத்தது. மேலிருந்து ஒற்றைக் கோடு இறங்கி வருகிறது. ஓரிடத்தில் வெடிக்கிறது. அதற்குக் கீழே கோடுகள், கோடுகள், எண்ணி மாளாத கோடுகள், எல்லாம் துடைப்பக்கட்டை விரிந்த மாதிரி ஒரே குறுகிய கூம்புக்குள். அவ்வளவு நெரிசலான ஜெட்டை அந்த ஆய்வுக்கூடத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து தாழ்வாரத்தில் போய் நின்று அழுதாள். பேராசிரியர் வந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். "இது போதும்மா உனக்கு. இந்த ஒண்ணு உன்ன எங்கியோ கொண்டுபோய் விட்டுடும்" என்றார்.

கோடு ஒவ்வொன்றின் கோணத்தையும் அளந்து, எது எந்த மோதலிலிருந்து வந்தது என்று பிரித்து, வந்த துகளுக்கு எவ்வளவு ஆற்றல் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு முடிக்க இன்னும் ஒரு வருடம் போனது. எல்லாவற்றையும் எழுதி அவரிடம் கொடுத்தாள். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாம், பொறு என்றார். பொறுத்தாள். அது அச்சாகி அதில் தன் பெயர் வந்துவிட்டால் டாக்டர் பட்டம், அதன் பிறகு மும்பையில் வேலை என்று மனசுக்குள் கோட்டையே கட்டி வைத்திருந்தாள்.

தொண்ணூற்று எட்டு ஜனவரியில் துறையில் ஒரு கருத்தரங்கு. பேச எழுந்தவன் ஹேமநாத். பேராசிரியருக்கு அக்காள் மகன், அப்போதுதான் அவருக்கு மருமகனும் ஆகியிருந்தான். இவளுக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவன். "வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருக்கும் எங்கள் கட்டுரை" என்று சொல்லித் திரையில் முதல் படத்தைப் போட்டான். அவளுடைய ஜெட். மேலே இரண்டு பெயர்கள், பேராசிரியர் பெயரும் அவன் பெயரும். பைத்தியக்காரி, இவள் அப்போதும் பதறவில்லை. அடுத்த படத்தில் வரும் என்று நினைத்தாள். அதிலும் இல்லை. சரி, கடைசியில் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நன்றி வந்தது. மைக்ராஸ்கோப்பைப் பழுது பார்த்தவருக்குக்கூட நன்றி சொன்னான். இவளைக் காணோம். எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் இவள் கையும் சேர்ந்து தட்டியது, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவனுக்கு வேலை அவசரம்மா. உனக்கு வேற டாபிக் தர்றேன், ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம்" என்றார்.

"அது என் ஜெட் சார். என்னக் கேக்காம எப்டி சார்?"

"கேக்காம செய்யல ஸ்வர்ணலதா. உங்கப்பாவைக் கேட்டேன். உங்க வீட்டுக்கே வந்து கேட்டேன். சந்தோஷமா சரின்னாரு. உனக்குத் தெரியாதா?"

அவள் அன்றைக்கே ஆரணிக்குப் பஸ் ஏறினாள்.

தனகோடி தறியில் இருந்தார். மகள் சொல்லி முடிக்கும்வரை கால் மிதியை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, ஒளிவுமறைவு ஒன்றும் இல்லாமல் சிரித்த முகமாகவே சொன்னார்.

"ஆமாம்மா, வந்தாரு. பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தாரு. அப்டியே இங்க பக்கத்துல திருமலை ஜெயின் கோயிலையும் பாத்துட்டு, நம்ம ஊட்டுக்கு வந்து இந்தக் கட்டில்ல குந்தினாரு. அம்மா காப்பி குடுத்தா. உன் வேலய அவங்க பேர்ல போட்டுக்கறேன்னாரு. போட்டுக்கோங்க சார்னேன்."

"எதுக்குப்பா அப்டி சொன்ன?"

"இன்னாம்மா இது? நான் எத்தினி வருசமா நெய்யறேன். எந்தப் பொடவையிலயாவது என் பேரு இருக்குதா? கடக்காரரு முத்திரதான். நெசவு மட்டமா இருந்தா அவரு தன் முத்திரையைக் குத்துவாரா? உன் வேலை உசத்தியா இருக்கக்கொண்டுதானே அவ்ளோ பெரிய மனுசன் தன் பேரைப் போட்டுக்கறேன்னு கேக்கறாரு. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"படிக்கிற புள்ள, இப்ப சொல்லி பேஜார் பண்ணாதீங்கன்னு அவருதான் சொன்னாரு."

தனகோடி வஞ்சகமாகச் செய்யவில்லை. தறிக்காரருக்குத் தெரிந்த நியாயம் அது. ஆனாலும், கட்டிலில் உட்கார்ந்தவனுக்குக் காப்பி கொடுத்து, மகளின் நாலு வருட உழைப்பையும் கூடவே கொடுத்தனுப்பிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே. அன்று ராத்திரி அம்மா கமலத்தின் மடியில் படுத்து அழுதாள். கமலத்துக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அப்பா சொல்ல வேண்டாம் என்றாராம், அதனால் சொல்லவில்லையாம்.

இருந்தாலும் விடவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் புகார் கொடுத்தாள். விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். பேராசிரியர் அங்கேயும் அதே பாட்டைப் பாடினார், குடும்பத்தைக் கேட்டுத்தான் செய்தேன் என்று. பொறுப்பான பேச்சு என்று குழுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், அப்பாவை அழைத்து வா என்றார்கள். இருபத்தேழு வயதுப் பெண்ணின் வேலைக்கு அப்பன் சம்மதம் எதற்கு என்று கேட்க அந்த மூன்று பேரில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. என்ன அநியாயம்!

அவள் தகப்பனிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. "எங்கிட்ட சொன்னத அப்டியே அங்க சொல்லுப்பா. கட்டுரைன்னா இன்னான்னு எனக்குத் தெரியாது, பொடவ மாதிரின்னு நெனச்சுட்டேன்னு சொல்லு. அது போதும், என் பேரு எனக்கு வந்துடும்" என்றாள். "சொல்றேம்மா, இதுக்கு இன்னா" என்றார் தனகோடி. புது வேட்டி கட்டி, சந்தனம் வைத்துக்கொண்டு கிளம்பினார். காஞ்சிபுரம் வரைக்கும் பஸ்ஸில் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

பெரிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் பேராசிரியர். தனகோடி உள்ளே வந்ததும் பேராசிரியர் எழுந்து நின்று கும்பிட்டார், தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அய்யா விவரம் தெரிஞ்சவரு சார். ஒண்ணும் தெரியாதவர்னு யாரும் நினைச்சிடக் கூடாது" என்றார். பாவி, எங்கே தட்ட வேண்டுமோ அங்கே தட்டினான்.

குழுத்தலைவர் கேட்டார். "ஆராய்ச்சிக் கட்டுரைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? அதுல பேர் இல்லன்னா உங்க பொண்ணுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சம்மதிச்சீங்களா?"

தனகோடி மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். தெரியாது என்று ஒரு சொல், நாலே எழுத்து. அவர் பேராசிரியரைப் பார்த்தார், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கோட்டுக்காரர்களைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"தெரியும்ங்க. தெரியாம எப்டிங்க சொல்லுவேன்? நல்லா ரோசனை பண்ணித்தான் சொன்னேன்."

தலைவர் எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்தது. அந்த ஜெட் ஹேமநாத்தின் பட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு பி.எட். படித்துப் போளூருக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று சாயங்காலம் பாரிமுனையில் ஆரணி பஸ் ஏறி ஒரே சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். பூந்தமல்லி தாண்டியது. தனகோடியே ஆரம்பித்தார்.

"கோவப்படாதம்மா. அவ்ளோ பெரிய மனுசனுங்க முன்னாடி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்டிம்மா சொல்லுவேன்? மானம் போய்டும்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் குற்ற உணர்ச்சியைத் தேடினாள். நாலு பேர் முன்னால் கௌரவமாக நடந்துகொண்டுவிட்ட திருப்திதான் தெரிந்தது.

கண்டக்டர் வந்தார். தனகோடி, "ரெண்டு ஆரணி" என்றார்.

"எனக்கு ஒண்ணு தனியா குடுங்க" என்று ஸ்வர்ணலதா கையை நீட்டினாள்.

"ஒண்ணாத்தானம்மா வந்துகினு இருக்கீங்க?"

"இல்லீங்க" என்றாள்.

கண்டக்டர் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாகக் கிழித்துக் கொடுத்தார். தனகோடி தன்னுடையதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காஞ்சிபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.