அவித்த விதைநெல்

சின்னசேலத்துக்குப் பக்கத்தில், அரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தில், அமிர்தம் முதன்முதலாக விதைக்கென்றே நெல் போட்டது எண்பத்தேழில். கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அந்த மண்ணில் குனிந்தவள் அவள்தான். ஆனால் இன்ன பயிர் என்று முடிவெடுத்தது அந்த வருஷம்தான். அவள் புருஷன் தெய்வசிகாமணிக்கு அப்போது வயல் நினைப்பே கிடையாது. இடஒதுக்கீடு, சாலை மறியல் என்று சங்கத்து ஆட்களோடு அலைந்துகொண்டிருந்தான்.

விதைநெல்லில் கலவன், அதாவது வேறு நெல், இருக்கக் கூடாது. அதிலும் காட்டுநெல் பொல்லாதது. கதிர் வரும்வரை நெல்லைப் போலவே நிற்கும். பிறகு மீசை விட்டு, அறுப்புக்கு முன்பே மணிகளைக் கொட்டிவிடும். ஒரு வயலில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. அமிர்தமும் கூலிக்கு வந்த சாலம்மாளும் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். வயலைப் பார்த்த விதைச்சான்று அதிகாரிக்குத் திருப்தி.

பிடுங்கியது பிடுங்கியவள் மாட்டுக்கு என்பது அங்கே வழக்கம். சாலம்மாள் பிடுங்கிய கடைசிப் புல்லுக்கட்டைக் களத்தில் உலர்த்தி, மண் போக உதறிக் கட்டினாள். தலையில் தூக்கிவிட்டவள் அமிர்தம். உதறியதில் காட்டுநெல் மணிகள் களத்தில் உதிர்ந்தது இருவருக்கும் உறைக்கவில்லை. பிறகு அதே களத்தில்தான் விதைநெல்லை அடித்தார்கள்.

மூட்டைக்குச் சீல் வைக்க அதிகாரி சைக்கிளில் வந்தார். மறியலுக்காகச் சாலை நெடுக மரம் வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் இல்லை. ஒரு பிடி அள்ளி, மீசை நெல்லாகப் பார்த்து உமியைத் தேய்த்துக் காட்டினார். உள்ளே சிவப்பு அரிசி.

“தேறாதும்மா. சாப்பாட்டுக்கு வெச்சுக்குங்க.”

மறியலில் கைதாகித் திரும்பிய தெய்வசிகாமணி அதை ஒப்பவில்லை.

“கம்மியாத்தான கலந்துகீது? கள்ளக்குறிச்சிலேருந்து விதை லாரி வரல. ஜெயில்ல கூட இருந்தவங்களுக்குத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். நம்ம ஆளுங்களுக்கு சர்க்கார் சீட்டு இன்னாத்துக்குடி?”

“சர்க்காருக்காகவா சொல்றேன்? வருசா வருசம் குனிஞ்சு புடுங்கப்போறது நீங்களா? அந்தந்த வூட்டுப் பொம்பளைங்க.”

“பேசிக்கினே இரு. நாளைக்கு வந்து அள்ளிக்கினு போவாங்க.”

மறுநாள் காலையில் அவன் கூட்டத்துக்குக் கிளம்பியதும் அமிர்தம் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். புழுக்கிய நெல் முளைக்காது.

“விதையைப் போய் அவிக்கிறியேம்மா! அண்ணன் வந்து என்னையும் சேத்து அவிச்சிடப் போறாரு,” என்றாள் சாலம்மாள்.

“மொதல்ல உன் மாட்டை அவிக்கணும். வெறகைத் தள்ளு.”

“அந்தப் புல்லுக்கட்டை என் தலையில தூக்கிவுட்டது யாரு?”

அமிர்தம் நெல்லைக் கிளறினாள்.

மத்தியானம் தெய்வசிகாமணி திரும்பியபோது வாசல் முழுக்க ஈரநெல் காய்ந்துகொண்டிருந்தது. கடைசி மூட்டையும் அண்டாவில் இருந்தது. ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“ஊரு முன்னாடி என் மூஞ்சிய எங்க வெச்சிக்குவேன்?”

அமிர்தம் கையைத் துடைத்தாள். “எழுந்திருங்க. வூடு வூடா நானே சொல்றேன்.”

அவன் எழுந்து அவள் பின்னால் நடந்தான்.

முதலில் பூமாலை வீடு. இவனோடு ஜெயிலில் இருந்தவர். கோணியை உதறி மடித்துத் தயாராக வைத்திருந்தார். அமிர்தம் வாயெடுப்பதற்குள் தெய்வசிகாமணி முந்திக்கொண்டான்.

“எங்க களத்துல காட்டுநெல்லு கலந்துபோச்சு, மாமா. விதை இல்ல.”

பூமாலை இருவரையும் பார்த்தார். “இதைச் சொல்றதுக்குப் பொண்டாட்டியையும் இட்டாந்தியா?”

“இன்னும் நாலு வூடு கீது மாமா,” என்றான் அவன்.