பேப்பர் சுற்றிய மூன்றாவது பாட்டில்

என் தங்கை பூவிழி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டு மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தவள், பிறகு தனித்தேர்வாகப் பத்தாவது எழுதித் தேறினாள். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் மேசை துடைக்கப் போனாள். உப்பில் வெடித்த அவள் கைகளைப் பார்த்து முகம் சுளித்த மேலாளரே, பிறகு அவளை ஒயின் பரிமாறும் பயிற்சிக்கு அனுப்பினார். அந்த ஓட்டலில் ஒயின் ஊற்றிய முதல் பெண் அவள்தான். "குடிக்கிற எடத்துல பொண்ணுக்கு இன்னா வேலை?" என்று கேட்ட தெருவிலேயே அம்மாவுக்குத் தளம் போட்ட வீடு கட்டிக் கொடுத்தாள்.

வெல்லாதது ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் இது முழுமையாகாது.

சென்ற பிப்ரவரியில் அவளுக்கு முப்பது வயது நிறைந்தது. அடுத்த திங்கட்கிழமை ஓட்டலில் ஒரு பரீட்சை. பெயரை மறைத்துக் கொடுக்கும் ஒயினைக் குடித்துப் பார்த்து, இன்னதென்று சொல்ல வேண்டும். தேறினால் ஒயின் பிரிவுக்கே அவள் பொறுப்பு. அதற்குப் பழக்கிவிட, கூட வேலை பார்க்கும் தேவாவும் சகாயமேரியும் பிறந்தநாளன்று மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா உப்பளத்துக்குப் போயிருந்தாள். நான் வாழ்க்கைப்பட்ட வானூரிலிருந்து எறா தொக்கோடு வந்திருந்தேன்.

தேவா பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தான். மூன்றையும் கழுத்துவரை செய்தித்தாள் சுற்றி, நூலால் கட்டியிருந்தான்.

"பாண்டில வாங்கினா செக்போஸ்ட்ல புடிச்சிக்குவான்க்கா. இது மெட்ராஸ்ல வாங்கினது. பில்லு இருக்குது."

"கேக்கு வாங்கியாடான்னா பில்லு வாங்கியாந்திருக்கான்," என்றாள் சகாயமேரி.

தேவா ஒரு தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினான். "பரீட்சை மாதிரியே பதில எழுதி, பக்கத்துல கையெழுத்து போடுங்க மேடம்."

முதல் கிளாஸைப் பூவிழி சுழற்றி முகர்ந்தாள். "கொய்யாக்கா. பச்சமொளகாய கிள்ளின வாசனை." ஒரு பெயர் எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டாவது சிவப்பு. "நாவப்பழம், மொளகு." அதற்கும் எழுதினாள். தேவா பேப்பரைப் பிரித்தான். இரண்டும் சரி. நானும் சகாயமேரியும் கை தட்டினோம். தேவா கிளாஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.

"இன்னாம்மா, மூக்காலயே குடிச்சிட்டியா? திங்கக்கிழம வாயில ஊத்தித்தான் சொல்லணும்," என்றான் தேவா.

"தெரியும்."

"ஓட்டல்ல நல்லாத்தான குடிச்சி பாக்குற?"

"அங்க லேபிள் தெரியும்."

"மூணாவத நீ குடிச்சே ஆவணும். பொறந்தநாளும் அதுவுமா."

பூவிழி கிளாஸை உதடுவரை கொண்டுபோனாள். இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள். ஒயின் தளும்பி அவள் விரலில் வழிந்தது.

"பேப்பர எடு தேவா. பாத்துட்டுக் குடிக்கிறேன்."

"பாத்துட்டு குடிச்சா அது பரீட்சையா? பிட்டு அடிக்கிறது."

தேவாவும் சகாயமேரியும் சிரித்தார்கள். பூவிழி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, லைட்டு போட்டிருக்கா?"

அப்போது பகல் பதினொரு மணி. கதவும் சன்னலும் திறந்திருந்தன. எதிரே குவித்த உப்பின் வெளிச்சம் சுவரெல்லாம் அடித்தது.

எங்கள் அப்பா கன்னியப்பன் கடைசியாகப் பேசியதும் லைட்டைப் பற்றித்தான். உப்பளத்து வேலை முடிந்து, யாரோ விற்ற பெயரில்லாத பாட்டிலில் கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வந்து படுத்தார். மறுநாள் முகத்தில் வெயில் விழ எழுந்து உட்கார்ந்து, "பூவு, லைட்ட போடும்மா" என்றார். கண்கள் திறந்தே இருந்தன. பக்கத்தில் இருந்தவள் பூவிழி. அன்று மாலைக்குள் அவர் போய்விட்டார்.

இதை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். தேவா மூன்றாவது பாட்டிலின் பேப்பரைக் கிழித்து எறிந்தான்.

"எனக்குத் தெரியாது பூவு. இந்தா, பேரு போட்டிருக்குது பாரு. டெய்லி நீ ஊத்துறதுதான்."

அவள் பார்த்தாள். கிளாஸைத் தொடவில்லை.

"மூடி வை. அம்மா வர்ற நேரம்."

தாளை இழுத்து, மூன்றுக்கு நேரே பதில் எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டாள். நான் கிளாஸ்களைக் கழுவினேன். எறா தொக்கை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவள் பரீட்சைக்குப் போகவில்லை. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இப்போதும் அங்கே ஒயின் ஊற்றுகிறாள், லேபிளை விருந்தாளிக்குக் காட்டிவிட்டு.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. க. பூவிழி. அப்பாவின் 'க' மட்டும் பின்பக்கம் தெரியும்படி அழுந்தியிருக்கும். இது அவள் பள்ளியில் பழகிய கையெழுத்து அல்ல. ஆஸ்பத்திரியில் அப்பாவின் உடலை வாங்க யாராவது கையெழுத்திட வேண்டியிருந்தது. அம்மா மயங்கிக் கிடந்தாள். நான் வானூரிலிருந்து வந்து சேரவில்லை. பதினெட்டு வயதுப் பூவிழிதான் பேனாவை வாங்கி, முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்டாள். அன்றைய தேதி 2013 ஜூன் 11.