என்னை வேனில் ஏற்றச் சொன்னவர்

வியட்நாம் கடற்கரையில் கடைசி நாள் காலை, விடுதி வாசலுக்கு வந்தபோது என் சைக்கிளைக் காணோம். மற்றவர்களுடையது எல்லாம் சுவரில் சாய்ந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. திருடு போய்விட்டது என்றே நினைத்தேன். 

"திருட்டு இல்ல மேடம். பேக் பண்ணியாச்சு," என்றார் எங்கள் குழுத் தலைவர். சாமான்களோடு பின்னால் வரும் வேனைக் காட்டினார். உள்ளே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் என் சைக்கிள், சக்கரங்கள் கழற்றி, டேப் ஒட்டி, விமானத்துக்குத் தயாராக.

நாங்கள் ஹைதராபாத்தில் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள். ஆறு ஆண்கள், நான் ஒருத்தி. அன்று ஒரு மலைக் கணவாய் ஏறி இறங்கினால் எங்கள் சைக்கிள் பயணம் முடிந்தது. முழுத் தூரத்தையும் நானே மிதித்து முடிக்க வேண்டும், கொஞ்ச தூரம்கூட வேனில் போகக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன். கடல் பார்க்க ஆசையிருந்தால் விசாகப்பட்டினம் போயிருப்பேன்.

தலைவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி உருது.

"மழையைப் பாருங்க. இறக்கம் வழுக்கும். காய்கூ, எதுக்கு ரிஸ்க்? சைக்கிள் நக்கோ, வேணாம் மேடம், வேன்ல வந்துடுங்க."

"நீங்க எல்லாம்?"

"நாங்க மெதுவா போவோம்."

"நானும் மெதுவா வர்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சார்கிட்ட பேசியாச்சு மேடம்."

அலுவலக மேலாளரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எந்த சார்?"

"உங்க வீட்டு சார்தான்."

 அந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தவரே என் கணவர்தான். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, நசுங்கிய முட்டைக்கோஸ் இலையின் ஈரத்தில் நான் ஓட்டிப் பழகியது அவருக்குத் தெரியும். "எம் பொண்டாட்டி லாரியவே முந்துவா" என்று உப்பலில் எங்கள் அடுக்குமாடி முழுக்கச் சொல்லித் திரிந்தவர். போன் போட்டேன்.

"என்னங்க, என்னை வேன்ல ஏத்தச் சொன்னீங்களா?"

"அங்க மழையா? மழைன்னா ஏத்திவிட்டுருங்கன்னு ஏர்போர்ட்லயே சொல்லியிருந்தேன். அதுக்கு இப்ப என்ன?"

"ஏர்போர்ட்லயேவா?"

"விழுந்து கை காலு ஒடிஞ்சா யாரு பாக்கறது? அதான் அவருகிட்ட பொறுப்பா ஒப்படைச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேப்பியா?"

ஒப்படைத்தாராம். சாமானா நான்? இத்தனை நாளும் அந்த ஆறு பேருக்குச் சமமாக ஓட்டுவதாக நினைத்திருந்தேன். தலைவர் அடிக்கடி திரும்பிப் பார்த்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சரக்கு பத்திரமாக வருகிறதா என்று பார்த்திருக்கிறார். மற்ற ஐந்து பேரையும் கேட்டேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"உங்களை ஓட்ட விடலாமான்னு உங்க வீட்டுல யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா?"

ஒருவர் இளித்தார். "எங்க வீட்டுல கேட்டிருந்தா வரவே விட்டிருக்க மாட்டாங்க மேடம்."

 பெட்டியைப் பிரித்து என் சைக்கிளைப் பூட்ட நேரமாகும். தலைவரிடம் கையை நீட்டினேன். "உங்க சைக்கிளைக் குடுங்க."

"என்னோடதா?"

"பொறுப்பு உங்களோடதுதானே? பின்னாடியே வேன்ல வந்து பாத்துக்குங்க."

"அரே மேடம், நானும் முழுசா முடிக்கணும்..."

"நானும்தான்."

சீட்டை எனக்கு ஏற்ற உயரத்துக்கு இறக்கினேன். அவர் தடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர், என்னை விட்டுவிட்டும் போக முடியாது. வேனில் ஏறினார்.

கணவாய் முழுக்க மழை முகத்தில் அறைந்தது. இறக்கத்தில் பிரேக் உடனே பிடிக்கவில்லை. ஒரு வளைவில் பின்சக்கரம் இழுத்தபோது செத்தேன் என்றே நினைத்தேன். வழுக்கும் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் எல்லோருக்கும்தான் வழுக்கியது. கடல் ஒரு பக்கம் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் என்னோடு சிரித்துப் பேசி, போட்டோ எடுத்து, கையசைத்த மனுஷன், எந்த நேரத்தில் தலைவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்? கீழே இறங்கும்வரை இதையே யோசித்தேன். 

கடற்கரையில் போய் நின்றேன். வேனும் வந்து நின்றது. தலைவர் இறங்கும்போதே அவருடைய போன் அடித்தது. என் கணவர். என்னைக் கூப்பிடவில்லை, அவரைத்தான் கூப்பிட்டார். தலைவர் போனை என்னிடம் நீட்டினார்.

"உங்களைத்தானே கேக்கறாரு. நீங்களே சொல்லுங்க," என்றேன்.

அவர் மழையில் நின்று தொண்டையைச் செருமினார். "சார், மேடம் சைக்கிள்லதான் வந்தாங்க. நான்தான் வேன்ல வந்தேன்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் என்று நினைத்து யாரோ ஒருவர் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.