ராத்திரிக்குத் தவளை

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் பிள்ளைகளால் தொல்லை வராது, கண்ணுள்ளவர்களால்தான் வரும். ஊர் ஊராகப் பஸ் ஏறி இறங்கும் என் சக சிறப்பாசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததா!

நிலாவுக்கு மட்டும் மார்க்

பவித்ரா பாப்பாரப்பட்டிப் பெண். ஒன்பது வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. யோசிக்கும் திறன் சோதனையில் தேறினால் உள்ளூர்ப் பள்ளியிலேயே படிக்கலாம்; இல்லாவிட்டால் அம்மாவைப் பிரிந்து வெளியூர் விடுதிக்குப் போக வேண்டும். நல்லம்பள்ளி முகாமில் சோதிக்க வந்த அதிகாரி, "பகலுக்குச் சூரியன்னா, ராத்திரிக்கு என்ன?" என்று கேட்டார். "தவளைங்க சார்" என்றாள். சிரித்துவிட்டுத் தப்பு போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளுக்குச் சூரியன்னா மேல சுடுற வெயில் சார். வூட்டுக்குப் பின்னால ஏரி. இருட்டினா தவளை கத்தும். நிலா சுடுதா, கத்துதா, அவளுக்குத் தெரியறதுக்கு?" என்றேன்.

"அதெல்லாம் சரிங்க டீச்சர், தவளைக்கு மார்க் போட்டா மேலிடத்துக்கு நானில்ல பதில் சொல்லணும்?"

வழவழ யானை

அவள் அறிவு வளரட்டும் என்று ஒரு கொடையாளர் பள்ளிக்கே வந்து வண்ணப்பட அட்டைகள் கொடுத்தார். தலைமையாசிரியர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பவித்ரா யானை அட்டையையும் எலி அட்டையையும் தடவிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது, வழவழன்னு" என்றாள். கொடையாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா, தொட்டதுமே யானையைப் புரிஞ்சிக்கிச்சு!"

தொப்பூர் இறக்கம்

முகாமில் அவள் தேறவில்லை என்று எழுதிவிட்டார்கள். மல்லுக்கட்டிச் சேலத்தில் மறுசோதனைக்கு அனுமதி வாங்கினேன். சேலம் போகும் பஸ்ஸில் அவள் அம்மா மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தொப்பூர் இறக்கத்தில் பஸ் பிரேக் போட்டுப் போட்டு இறங்கியது. "அம்மா, இந்த பஸ்ஸு அப்பா மாதிரியே. கோவத்த அடக்கறப்ப புஸ்ஸு புஸ்ஸுன்னுது" என்றாள் பவித்ரா. அம்மா அடக்கமாட்டாமல் சிரித்தார். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணுதான் இல்ல, வாயாவது அடங்குதா பாருங்க!"

தேறிய பிறகு

சேலத்தில் சோதித்த அம்மையாருக்கு விவரம் இருந்தது. பெரிய கரண்டி, சின்னக் கரண்டி, பெரிய பந்து என்று ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்து, "அடுத்தது எதும்மா?" என்றார். பவித்ரா தட்டைத் துழாவிச் சின்னப் பந்தை எடுத்து நீட்டினாள். வைத்த சோதனை எல்லாமே அப்படித்தான், தடுமாறவே இல்லை. அம்மா அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

மறுநாள், அவள் இங்கேயே படிக்கப்போகிறாள் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு நல்லா யோசிக்குதுன்னா, கொஞ்சமாவது கண்ணு தெரியுதோ என்னமோ, நல்லா விசாரிங்க டீச்சர்."

ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிகிறதா என்று பிள்ளைகளைச் சோதித்துக்கொண்டே இருக்கிறோம்; பெரியவர்களுக்கு அந்தச் சோதனை வைத்தால் பள்ளிக்கூடம் நடத்த ஆள் கிடைக்காது என்று விட்டுவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.