எண்ணெய்த் துணியில் சுற்றிய இரும்புக் கை

கவென்ட்ரியில் கிளெம் கார்பெட் தன் பின்கொட்டகையில் தனியாளாக ஒரு கிராண்ட் பிரீ பந்தயக் கார் கட்டினான் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அதில் பாதியைக் கட்டியவள் அவன் மனைவி ஹில்டா. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

யுத்த காலத்தில் விமானத் தொழிற்சாலையில் நான்கு வருஷம் துளை போட்டவள் அவள். மயிரிழை தள்ளிப்போனாலும் மேற்பார்வையாளர் தகட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். ஹில்டாவின் தகடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. யுத்தம் முடிந்ததும், ஆண்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட கை சும்மா கிடப்பானேன் என்று கிளெம் பிடித்துக்கொண்டான்.

அவனுடைய என்ஜின் கிழடு. பெரிய கம்பெனிக் கார்களின் பின்னாலாவது ஓட வேண்டுமென்றால் வண்டியின் எடை குறைய வேண்டும். அதற்குக் கண்ணில் பட்ட இரும்பிலெல்லாம் ஓட்டை போடுவது, சொந்தமாகக் கார் கட்டியவர்கள் அத்தனை பேருக்கும் அன்று பிடித்திருந்த பைத்தியம். பிரேக் மிதியில் ஓட்டை, இருக்கைச் சட்டத்தில் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாவு நிறுக்கும் தராசில் இரும்புச் சீவலைக் கொட்டி நிறுத்து, கிளெம் குழந்தை மாதிரிச் சிரிப்பான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஏப்ரலில் அவன் ஸ்டியரிங் கையைக் கொண்டுவந்து வைத்தான். ஸ்டியரிங் திரும்பினால் சக்கரத்தைத் திருப்புகிற, ஒரு முழம்கூட இல்லாத இரும்புத் துண்டு அது.

"இதுல வேணாம் கிளெம்," என்றாள் ஹில்டா.

"நீ போட்ட ஓட்டையில இதுவரைக்கும் எதாவது உடைஞ்சிருக்கா? சொல்லு அம்மணி!"

"இது உடைஞ்சா நீ திரும்ப மாட்ட."

"அப்ப நேரா போறேன்," என்று கண்ணடித்தான்.

ஏழு ஓட்டை போட்டாள். ஐந்தாவதிலேயே, இதைக் காரில் ஓட விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, உதிரிப் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த ஓட்டையில்லாத இன்னொரு கையை எடுத்துக் காரில் மாட்டி, மேலே தகர மூடியைப் போட்டு நான்கு திருகாணியையும் முடுக்கினாள். அவள் மூடிய எதையும் கிளெம் திறந்து பார்த்ததில்லை. ஓட்டை போட்ட கையை அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்தாள். பெட்டியில் இடம் காலியாக இருந்தால் கேட்பானே என்ற பயம். அவள் செய்த பிழை அதுதான்.

மே மாத விடுமுறையில் பழைய விமானத்தளத்தில் பந்தயம். கார் நிறுத்த, கிளெமுக்குப் பக்கத்து இடம் டென்சிலுக்கு. டென்சில் ரொட்டிக்கடைக்காரன், ரொட்டி வண்டியிலேயே தன் காரைக் கட்டி இழுத்து வருகிறவன். இரண்டு கார்களின் முன்பாகமும் ஒரே மாதிரிப் பழைய குடும்பக் காரிலிருந்து கழற்றியவை. சுற்றுக் கணக்கு எழுதுவது மனைவிமார் வேலை. ஹில்டாவும் டென்சிலின் மனைவி மியூரியலும் ஒரே பெஞ்சில், ஒரே பிளாஸ்க் தேநீரோடு, ஆளுக்கொரு கடிகாரமும் அட்டையுமாக உட்கார்ந்தார்கள்.

பந்தயம் தொடங்கி மூன்று சுற்று ஆனது. டென்சில் ஆறாவதாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு முன்னால் போனதில்லை.

"எல்லாம் உன் வீட்டுக்காரர் புண்ணியம்," என்றாள் மியூரியல். "காலையில ஓட்டிப் பாக்கும்போது ஓரத்து வைக்கோல் கட்டுல மோதி இவரு ஸ்டியரிங் கைய வளைச்சுட்டாரு. நீ சாண்ட்விச் வாங்கப் போயிருந்த. கிளெம்தான், 'பெட்டியில துணி சுத்தி ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோ'ன்னாரு."

கம்பெனி இல்லாமல் சொந்தக் காரில் ஓடுகிறவர்களிடம் அது வழக்கம். பக்கத்துக்காரன் கேட்டால் பெட்டியைத் திறந்துவிட வேண்டும். ஹில்டாவின் பென்சில் அட்டையில் பாதியில் நின்றது.

"உதிரிக்குக்கூட ஓட்டை போட்டு வெச்சிருக்கியேடி! இவரு பாத்துட்டுத் துள்ளிக் குதிச்சாரு."

எழுந்து சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் டென்சிலின் ஆறாவது இடம் போய்விடும். தன்னை ஏமாற்றினாள் என்று கிளெமுக்குத் தெரிந்துவிடும். ஒருவேளை தாங்குமோ என்னவோ. இந்தச் சுற்று போகட்டும் என்று நினைத்தாள். டென்சில் வந்தான், போனான். இன்னொன்று. ஐந்தாவதானான். மியூரியல் கைதட்டினாள். எட்டாவது சுற்றில் ஹில்டாவால் தாங்க முடியவில்லை. ஓடும் டென்சிலுக்குச் சேதி காட்டும் பலகையை எடுத்து, "உள்ளே வா" என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, ஓரத்துக்கு ஓடி உயர்த்திப் பிடித்தாள்.

"என்னடி பண்ற?" என்று பின்னால் கத்தினாள் மியூரியல்.

நான்காவது கார் வந்தது. ஆறாவது, ஏழாவது வந்தன. தூரத்து வளைவின் மேல் மண் எழும்பி நின்றது. மணி அடித்துக்கொண்டு போன ஆம்புலன்ஸ், மணி அடிக்காமல் மெதுவாகத் திரும்பியது.

கிளெம் ஒன்பதாவதாக முடித்தான். விஷயம் கேள்விப்பட்டு, முகமெல்லாம் எண்ணெயோடு ஓடிவந்து மியூரியலின் முன் மண்டியிட்டான்.

"மியூரியல், நான் கொடுத்தது முழுக் கை. நல்ல இரும்பு. அதனால இருக்காது, சத்தியமா."

"முழுக் கையா?" அவள் குரலில் உயிரே இல்லை. "அதுல ஏழு ஓட்டை இருந்துச்சே. நான்தான் துணியப் பிரிச்சேன்."

கிளெம் திரும்பி ஹில்டாவைப் பார்த்தான். பலகை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.  அவன் தன் காரிடம் போனான், திருப்புளியை எடுத்தான், தகர மூடியின் முதல் திருகாணியைக் கழற்றினான். இரண்டாவதையும் கழற்றினான்.

"திறக்காத கிளெம்," என்றாள் ஹில்டா. "நான்தான் மாத்தினேன். நீ வீட்டுக்கு வரணும்னுதான்."

மியூரியல் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தாள். கிளெம் மூன்றாவது திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.